ஒன்பதரையால் பெருக்கிய உண்மை

மாணவன் எழுதிய விடைகளை எண்ணாக்குவதே ஒருவகை மொழிபெயர்ப்புத்தான். அந்த எண்ணை வேறோர் அளவுகோலுக்கு மாற்றும்போது எவ்வளவு உண்மை எஞ்சுகிறது? இது கணக்காசிரியர் மட்டும் விடை சொல்ல வேண்டிய வினா அன்று. நீதியைப் பற்றிய வினாவும் ஆகும்.

2010 முதல் 2017 வரை, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரப்புள்ளியே இடம்பெற்றது. 91 முதல் 100 வரை பெற்றோர்க்குப் புள்ளி 10; 81 முதல் 90 வரை 9; இப்படியே இறங்கி, 33 முதல் 40 வரை 4. ஐந்து பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி. ஒற்றை மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் உறக்கம் தொலைப்பதைத் தடுக்க எண்ணிய ஏற்பாடு இது. இரக்கம் மட்டுமன்று, அறிவும் இதில் உண்டு. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் இரண்டு மூன்று மதிப்பெண் மாறும் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். அளக்க இயலாத வேறுபாட்டைக் காணாதிருப்பது பொய் அன்று, அடக்கமே.

சிக்கல் பிறகுதான் பிறந்தது. கல்லூரிகளும் அலுவலகங்களும் விழுக்காடு கேட்டன. தரப்புள்ளியை 9.5ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்றது வாரியம். முந்தைய ஆண்டுகளில் 91 முதல் 100 வரை பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 95. அதைப் பத்தால் வகுத்ததே இந்த எண். ஆக, முகமறியாத அண்ணன்மாரும் அக்காள்மாரும் என்றோ எழுதிய தேர்வு, பின்வந்த பிள்ளையின் விழுக்காட்டைத் தீர்மானித்தது! எல்லாப் பாடங்களிலும் 100 பெற்றவளுக்கும் 91 பெற்றவளுக்கும் 95 விழுக்காடு. 90 பெற்றவளுக்கோ 85.5.

முதலிடத்தாரைப் பற்றி மிகுதியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்களுக்குக் கதவுகள் பல. 60 விழுக்காடு என்னும் வாசலில் நிற்போரைப் பாருங்கள். நான்கு பாடங்களில் 60, ஒன்றில் 70 பெற்றவனின் உண்மை விழுக்காடு 62. அவன் தரப்புள்ளி 6.2, பெருக்கினால் 58.9. வாசல் அடைபடுகிறது. மூன்று பாடங்களில் 51, இரண்டில் 61 பெற்றவன் உண்மையில் 55தான். தரப்புள்ளி 6.4, பெருக்கினால் 60.8. அவன் உள்ளே போகிறான். இருவரும் பொய் சொல்லவில்லை, பெருக்கலிலும் பிழையில்லை.

பின் பிழை எங்கே? சிறு வேறுபாடுகளைப் பார்க்கமாட்டேன் என்று கண்களை மூடிக்கொண்டவர், அடுத்த நாளே சாட்சிக் கூண்டில் ஏறித் தசமப் புள்ளி வரை சொல்வதில்தான். உத்தேச விழுக்காடு என்றே வாரியம் அதற்குப் பெயரிட்டது. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் சிறு கட்டத்துக்குள் 'உத்தேசம்' என்ற சொல்லுக்கு ஏது இடம்?

அமெரிக்கக் கல்லூரிகளை நாடும் நம் பிள்ளைகள் இதையே தலைகீழாகச் சந்திக்கின்றனர். 75 விழுக்காட்டை நேர்விகிதத்தில் நான்குப் புள்ளி அளவுக்கு மாற்றினால் 3. அங்குள்ள பல பள்ளிகளின் அட்டவணைப்படி, 70 முதல் 79 வரை எதுவாயினும் 2தான். இதனை உணர்ந்த கல்லூரிகள் சில, மாற்றவே வேண்டாம், பள்ளி தந்ததை அப்படியே எழுதுங்கள் என்கின்றன. பள்ளியின் மதிப்பீட்டு முறையை விளக்கும் குறிப்பையும் உடன் கேட்கின்றன. அந்தத் தாளைப் படிக்க ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். பெருக்கலைப் போல அது நொடியில் முடியாது.