மாக்கோழியும் மாதிரித் துப்பாக்கியும்

கொல்லாமையே அறங்களில் தலையாயது என்பதில் நம்மவருள் கருத்து வேற்றுமை கிடையாது. கொல்லும் கருவியை இல்லத்தில் வைத்திருத்தல் தகாது என்பதையும் எல்லோரும் ஒப்புவர். ஆனால் எந்த உயிரையும் கொல்ல இயலாத ஒரு கொலைக்கருவியை, அதாவது அதன் வடிவத்தை மட்டும், ஆசையோடு செய்து, வண்ணம் தீட்டி, அலமாரியில் அடுக்கி மகிழ்வது எத்தகைய செயல்? அது குற்றமா, குற்றமற்ற பொழுதுபோக்கா? இவ்வினா இன்று நம் குடும்பங்களுக்குள்ளேயே எழுந்துள்ளது. விடை எளிது போலத் தோன்றினும் எளிதன்று. ஆதலின் சற்று நிதானமாக ஆராய்வோம்.

விவரம் அறியாத பெரியோர்களுக்காக அப்பொழுதுபோக்கு இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். விண்வெளிப் போர், எந்திர மனிதர், வேற்றுலகவாசிகள் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள் உலகெங்கும் ஓடுகின்றன. தமிழிலும் 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் எந்திர மனிதர் கூட்டம் துப்பாக்கிகளோடு ஒரே உருண்டையாகத் திரண்டு சுடும் காட்சியைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அயல்நாட்டுப் படங்களில் வரும் ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளின் மாதிரிகளை அச்சு அசலாகச் செய்வோரும், விலைக்கு வாங்கித் தம் விருப்பம் போல் மாற்றியமைப்போரும் பல நாடுகளில் உள்ளனர். பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் வார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு போலத் தோன்ற வண்ணம் பூசி, நெடுநாள் போரில் அடிபட்டது போன்ற தழும்புகளையும் தூரிகையால் வரைந்துவிடுகின்றனர். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின் இவ்வேலை வீட்டு மேசையிலேயே முடிகிறது. திரைப் பாத்திரங்களைப் போல வேடம் புனைந்து இளைஞர்கள் கூடும் ‘காமிக் கான்’ என்னும் விழா 2011-இல் தில்லியில் தொடங்கி, 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது.

நம் உறவினருள் ஓர் இளைஞன் பொறியியல் படித்தவன். புலால் உண்ணாதவன், இரவில் உண்ணாதவன். இத்தகைய மாதிரிகள் சில அவனிடம் உள்ளன. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலுக்குக் குடும்பங்கள் சில சேர்ந்து சென்றிருந்தபோது, அவனுடைய சேகரிப்பைப் பற்றிப் பெரியவர்களுக்குள் பேச்சு எழுந்தது. ஜினபிம்பம் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா என்றார் ஒருவர். “பாட்டி, இதில் தோட்டா இல்லை, குழலில் துளைகூட இல்லை. ஒரு கொசுவுக்குக்கூட இதனால் துன்பமில்லை. வெறும் உருவம்தானே?” என்று அவன் நம்மிடம் நியாயம் கேட்டான். பணிவோடு கேட்கப்பட்ட நேர்மையான வினா அது. ‘சொன்னால் கேள்’ என்று அதட்டி அடக்குவது விடையாகாது.

‘வெறும் உருவம்தானே’ என்னும் சொல்லை அவன் உரைத்த இடத்தை நினைத்துப் பார்ப்போம். சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் உள்ளவை யாவும் உருவங்களே. பாறையைக் குடைந்து செய்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உருவங்களே. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் தீட்டப்பட்டுள்ள தாமரைத் தடாகமும் சுண்ணப் பூச்சின் மேல் எழுந்த உருவமே. அதில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் ஒன்றையொன்று வருத்தாமல் உலவுகின்றன. பகவானின் சமவசரணத்தைச் சார்ந்த தடாகம் அது என்பர் அறிஞர். கல்லில் உயிர் இல்லை, சுண்ணத்தில் நீர் இல்லை. ஆயினும் அங்கே நின்றவர் மனம் சற்றேனும் அடங்குகிறது. கை தாமே குவிகின்றன. மெய்ப்பொருளை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்னும் நான்கு நிட்சேபங்களால் அறிய வேண்டும் என்று தத்துவார்த்த சூத்திரம் கற்பிக்கிறது. அவற்றுள் ஸ்தாபனை என்பது உருவத்தில் மூலப்பொருளை வைத்துக் காணுதல். கல்லுருவத்தைக் கண்டு நல்வினை விளையும் என்று நம்பும் நாம், ஆயுத உருவத்தைப் பற்றி மட்டும் ‘வெறும் உருவம்’ என்று தள்ளிவிட இயலுமோ? உருவத்திற்கு மனத்தை நடத்தும் ஆற்றல் உண்டென்றால், அவ்வாற்றல் இரு பக்கமும் உண்டு.

இதே வழக்கை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தையே குறிப்பிடுகிறோம். தீக்கனவின் பயன் நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி கூறுகிறாள். கொலைக்கு உடன்படாத யசோதரன் தாய்ச்சொல்லையும் மறுக்க இயலாமல், மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டுகிறான். வெட்டப்பட்டது மாவு, சிந்தக் குருதியும் இல்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, நெடுந்துன்பத்திற்குப் பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மக்களாகப் பிறக்கின்றனர். நம் இளைஞனின் வாதம் அத்தனையும் யசோதரனுக்கும் இருந்தது. அவனும் ‘வெறும் மாவுதானே’ என்றுதான் துணிந்தான்.

ஆனால் இக்கதையை அவசரமாகப் பொருத்திவிடலாகாது. பாவம் மாவிலா இருந்தது? அன்று, மாவு அடுப்பேறினால் உணவு. கோழி வடிவத்திலா இருந்தது? அதுவும் அன்று, குழந்தை மண்ணால் கோழி பிடித்து விளையாடினால் எவரும் குறை கூறார். ‘இது கோழி, இதைக் கொல்கிறேன்’ என்னும் சங்கல்பத்தோடு வாள் ஓங்கப்பட்டதே, அந்த இடத்தில் பாவ இம்சை நிறைவு பெற்றுவிட்டது. உடம்புக்கு நேரும் ஊறு திரவிய இம்சை. உள்ளத்தில் எழும் கொலை எண்ணம் பாவ இம்சை. இவற்றுள் வினைக்கு வித்தாவது பின்னதே. அவ்வாறாயின், மாதிரித் துப்பாக்கியிலும் குற்றம் பிளாஸ்டிக்கில் இல்லை. செய்பவன் உள்ளம் வண்ணத்திலும் இணைப்பிலும் அளவிலும் ஈடுபட்டிருக்கும் வரையில் அது கைவினையே. அதைக் கையில் ஏந்தி, எதிரே ஒருவனைப் பாவித்து, ‘இவன் ஒழிந்தான்’ என்று மனம் சொல்லும் கணத்தில் அது மாக்கோழி ஆகிவிடுகிறது.

இவ்விரு நிலைகளையும் பிரித்து நிறுத்திக்கொள்ள மனிதரால் முடியுமா என்பதே அடுத்த கேள்வி. ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்றது ‘செய்து கற்றல்’ என்னும் பாடம். கை திரும்பத் திரும்பச் செய்வதை மனம் கற்றுக்கொள்ளும். மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகிய குழந்தைக்குச் சில நாளில் எழுத்து மனத்திலேயே பதிந்துவிடுகிறது. விரல் வழியே எழுத்து உள்ளே செல்கிறது. விசையின் மேல் விரலை வைத்துக் குறி பார்த்தலும் அவ்வாறே ஓர் எழுத்துப் பயிற்சி. நூறு முறை விளையாட்டாய்க் குறி பார்த்தவன் கொலைஞன் ஆவான் என்று நாம் கூறவில்லை; அது மிகை. ஆனால் பிறர் உடம்பைக் குறியாகக் காணும் பார்வை அவனுக்கு அந்நியமாக இராது. கூச்சம் ஒரு வேலி. வேலி போனால் பயிர் உடனே அழிவதில்லை. காவல் இல்லாமல் நிற்கும்.

கற்பனை ஆயுதத்துக்கும் மெய்யான ஆயுதத்துக்கும் உறவே இல்லை என்பதும் சரியன்று. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ என்னும் பாத்திரம் ஏந்தும் துப்பாக்கி, ஜெர்மனியில் 1896 முதல் தயாரான மௌசர் கைத்துப்பாக்கியின் மேல் குறிநோக்கி முதலிய உறுப்புகளைப் பொருத்தி அமைக்கப்பட்டது. வெண்கவசப் படையினர் ஏந்துவது பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய ஸ்டெர்லிங் துப்பாக்கியின் மாற்றுருவம். அதே ஸ்டெர்லிங் உரிமம் பெற்று நம் நாட்டில் கான்பூரிலும் செய்யப்பட்டது. விண்வெளி ஆயுதத்தின் மேற்பூச்சைச் சுரண்டினால் உள்ளே இருப்பது மண்ணுலகப் போர்க்கருவியே.

இனி, பயனின்றிச் செய்யும் தீமையைத் தவிர்க்கும் அனர்த்த தண்ட விரதத்தை நோக்குவோம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு இதனை விளக்குகின்றன. ஆயுதம், நெருப்பு முதலியவற்றைப் பிறருக்குக் கொடுப்பது இம்சாதானம். பிறர் கொலையுண்ண வேண்டும் என எண்ணுவது அபத்தியானம். உள்ளத்தைக் கலக்கும் கதைகளில் தோய்வது துச்ருதி. சிரவணபெளகொளவில் கோமதீசுவரர் திருவுருவை அமைத்த சாமுண்டராயர் ஒரு படைத்தலைவர். அவர் வாளுக்கு நாட்டுக் காவல் என்னும் காரணம் இருந்தது. அது விரோதி இம்சை. இல்லறத்தான் முற்றும் விலக்க இயலாதது. அலமாரித் துப்பாக்கிக்கு அப்படியொரு காரணம் கூற முடியுமா? ‘இயக்கியர் கைகளிலும் படைக்கலம் உண்டே’ என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, அவர்கள் காவல் தெய்வங்கள். நாம் அடைய விரும்பும் நிலையோ ஜினருடையது. அவர் திருக்கரங்களில் ஒன்றுமில்லை.

நம் மனத்தோடு இது முடிவதில்லை. பிறர் அச்சமும் இதில் உண்டு. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும். அதனால் அழகு கெடுகிறது என்று அதை மறைத்து வண்ணம் பூசுவோர் இருக்கின்றனர். 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில், அவ்வடையாளம் இல்லாத போலித் துப்பாக்கியோடு பூங்காவில் விளையாடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனை, அது மெய்யென்று எண்ணிய காவலர் வந்த சில நொடிகளுக்குள் சுட, அவன் மறுநாள் இறந்தான். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் படப்பிடிப்பு ஒன்றில், ஆபத்தற்றது என்று நம்பப்பட்ட துப்பாக்கியில் மெய்த்தோட்டா இருந்து, ஒளிப்பதிவாளரான பெண்மணி உயிரிழந்தார். நமது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், கைதைத் தடுக்கும் நோக்குடன் போலித் துப்பாக்கியைக் காட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஏனெனில் எதிரே நிற்பவரின் அச்சம் போலியன்று. அச்சுறுத்துவதும் துன்புறுத்துவதே.

பற்று என்னும் மற்றொரு பக்கமும் உண்டு. மேலே கூறிய ஹான் சோலோ துப்பாக்கிகளுள் ஒன்று 2022-இல் அமெரிக்க ஏலத்தில் 10,57,500 டாலருக்கு விலை போயிற்று. சுடாத ஒரு பொருளுக்கு இத்தனை விலையை வைத்தது மனிதனின் மூர்ச்சை. மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது ஆகமத் தெளிவு. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அங்கே தவம் செய்த முனிவர்க்குத் தலையணையும் கல்லே. இல்லறத்தார் அவ்வாறு வாழ இயலாது. ஆயினும் ‘இத்தனை போதும்’ என்று ஓர் எல்லை வகுக்க எவராலும் இயலும்.

இளைஞரை மட்டும் நிறுத்தி வைத்து விசாரிப்பது நேர்மையாகாது. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளி நன்னாளில், பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கிக் குழந்தை கையில் கொடுப்பவர் யார்? வீட்டுப் பெரியவர்களே. பேரன் பாட்டியைப் பார்த்து ‘டுமீல்’ என்று சுட்டதும், பாட்டி சாய்ந்து விழுந்து காட்ட, வீடே சிரிக்கும் காட்சியை எத்தனை இல்லங்களில் கண்டிருக்கிறோம்! முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே நம் முடிவு இது. செய்தவற்றைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். சினத்தோடு உடைப்பதும் இம்சையே. ஆனால் உயிருள்ள எதையும், உயிரின் படத்தையும்கூட, நோக்கிக் குறி பார்க்கலாகாது. ஆரஞ்சு அடையாளத்தை அழிக்கலாகாது. தெருவுக்கு எடுத்துச் செல்லலாகாது. குழந்தைகளுக்குப் பரிசாகத் தரலாகாது. எண்ணிக்கைக்கு எல்லை வகுத்து, அதற்குமேல் ஆயுத வடிவம் ஒன்றையும் சேர்க்கலாகாது. கைத்திறன் வீணாக வேண்டியதில்லை. அதே படங்களில் விண்கலங்கள் உண்டு. ஆர்2-டி2 போன்ற எந்திரத் தோழர்கள் உண்டு. ஜினாலயங்களுக்குச் சமவசரண மாதிரி செய்து தரும் கைகள் நம்மிடையே அருகிவருகின்றன, அப்பணியும் காத்திருக்கிறது.

எஞ்சிய ஐயத்தை அவரவரே தீர்த்துக்கொள்ள ஒரு சோதனை கூறுவோம். அம்மாதிரியைக் கையில் எடுத்ததும் விரல் எங்கே செல்கிறது என்று கவனியுங்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறதா, விசையைத் தேடுகிறதா? விசையைத் தேடுமாயின், அதை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் சாமாயிகத்தில் அமர்க.