அறுந்து போகாத பெல்ட்

உங்களிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அதே குட்டிக் கார்தான். ஆயில் மாற்றுவதற்காக ஒர்க்‌ஷாப்பில் விடுகிறீர்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார்.

‘‘சார், ஃபேன் பெல்ட் வெடிப்பு விட்டிருக்கு. மாத்திடலாமா?’’

‘‘ஏன், வண்டி நல்லாத்தானே ஓடுது?’’

‘‘ஓடுது சார். எத்தனை நாளைக்குனுதான் சொல்ல முடியாது.’’

இப்போது என்ன செய்வீர்கள்? சில நூறு ரூபாய் சமாசாரம்தான். ஆனால், அதற்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எதற்காக மாற்ற வேண்டும்?

முதலில் அந்த பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம். இன்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜினுக்குள் ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது இந்த ஒற்றை ரப்பர் வார்தான். அம்பாசடரில் நிஜமாகவே ஃபேனையும் இதுதான் சுற்றியது. மாருதியில் ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும், பெல்ட்டுக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இது அறுந்தால் வண்டி உடனே நிற்காது. அதுதான் ஆபத்தே! டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். தண்ணீர் சுற்றாததால் டெம்பரேச்சர் முள் மெள்ள மேலே ஏறும். ‘அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்’ என்று ஓட்டினால் தண்ணீர் கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரங்களில் வந்து நிற்கும்.

பல நேரங்களில் பெல்ட் முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கிரீச்’ என்று கத்தும். லூஸாகி, வழுக்கி ஓடுகிறது என்று அர்த்தம். சிலர் அதன்மீது சோப்பைத் தேய்த்துவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். தேய்மானம் நிற்குமா? வீட்டில், ஆபீஸில், அரசியலில் நாம் எத்தனை புகார்களுக்கு இப்படி சோப்பு போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, மெக்கானிக் சொன்னபடி மாற்றிவிட்டீர்கள். அப்புறம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நேற்று ஓடியது போலவே இன்றும் வண்டி ஓடும். அப்போது மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்... ‘பழைய பெல்ட்டே இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்குமோ? அந்த ஆள் நம்மை ஏமாத்திட்டானோ?’

இதற்குப் பதில் கிடையாது. மாற்றிய நிமிஷமே பதிலுக்கான சாட்சியை நாமே கழற்றி எறிந்துவிட்டோம். வருமுன் காப்பதில் இருக்கும் பெரிய சங்கடம் இதுதான். அது ஜெயித்தால், ஜெயித்ததற்கு அடையாளமே இருக்காது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்கிறது பழமொழி. அணை போட்டதால் ஊருக்குள் வராமல்போன வெள்ளத்தைப் பார்த்தவர் யார்?

ஒய்2கே என்று ஒரு பூச்சாண்டி வந்தது, நினைவிருக்கிறதா? பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்கள் வருடத்தை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்திருந்தன. 2000 பிறந்தால் அதை 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும் என்று பயந்தார்கள். உலகம் முழுக்க ஏராளமான புரோகிராமர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட, பழைய புரோகிராம்களை வரி வரியாகப் படித்துத் திருத்தினார்கள். 2000 ஜனவரி 1-ம் தேதி விடிந்தது. சில்லறைக் கோளாறுகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே உலகம் என்ன சொன்னது? ‘‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’’

ஒன்றும் நடக்காததற்கு அந்த உழைப்பே காரணமாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. செலவழித்ததில் கொஞ்சம் வீண் செலவும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஏனென்றால், பெல்ட்டை மாற்றியாகிவிட்டது!

மாற்றாமல் விட்டால்? அதற்கும் ஒரு கதை உண்டு. அதிலும் ரப்பர்தான். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம். அதன் ராக்கெட்டுகளின் இணைப்புகளில், சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் வைத்திருந்தார்கள். 1986 ஜனவரி 27-ம் தேதி இரவு, ராக்கெட் செய்த மார்ட்டன் தயாக்கால் கம்பெனியின் இன்ஜினீயர் ரோஜர் போஜலேயும் அவருடைய சகாக்களும், ‘இந்தக் குளிரில் ரப்பர் இறுகிவிடும், ஏவாதீர்கள்’ என்று வாதாடினார்கள். அதற்கு முந்தைய ஜூலையிலேயே போஜலே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். முந்தைய பயணங்கள் சிலவற்றிலும் வளையங்கள் அரித்துப்போய்த்தான் திரும்பியிருந்தன. ஆனால், ஓடம் பத்திரமாக வந்துவிட்டதே! அதையே மேலிடம் தைரியமாக எடுத்துக்கொண்டது. ‘ஓடுதுல்ல?’ என்கிற அதே கேள்விதான்.

மறுநாள் காலை, கிளம்பிய 73-வது விநாடியில் ஓடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இப்போது இன்னொரு விதமாகக் கற்பனை செய்து பாருங்கள். அன்று ராத்திரி போஜலே சொன்னதைக் கேட்டு, ஏவுவதைத் தள்ளிப்போட்டிருந்தால்? வேறொரு நாள், நல்ல வெயிலில் சேலஞ்சர் போய்விட்டுத் திரும்பியிருக்கும். ‘அநாவசியமாகப் பயமுறுத்தி நாளைக் கெடுத்தவர்’ என்று ஆபீஸில் அவரைக் கிண்டல் செய்திருப்பார்கள். உங்களுக்கும் எனக்கும் அவர் பெயரே தெரிந்திருக்காது. அவருடைய பேச்சு எடுபடாமல் போனதால்தான் அவர் சரித்திரத்தில் இருக்கிறார். எடுபட்டதால் பெயரில்லாமல் போனவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ!

அப்படியானால், யார் பயமுறுத்தினாலும் பர்ஸைத் திறந்துவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. நல்ல மெக்கானிக்கும் ஏமாற்றுகிற மெக்கானிக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்... ‘‘மாத்திடுங்க சார், அதான் சேஃப்டி.’’ எப்படிக் கண்டுபிடிப்பது?

நாளைக்கு நடக்கப்போவதை யாராலும் காட்ட முடியாது. இன்றைக்கு இருப்பதைக் காட்ட முடியும். பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடக்கிப் பாருங்கள். குறுக்குவாட்டில் வரிவரியாக வெடிப்பு, ஓரத்தில் பிசிறு, பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளப்பு... இவையெல்லாம் ஜோசியம் இல்லை, கண்ணெதிரே இருக்கிற சாட்சி. நல்ல மெக்கானிக் நீங்கள் கேட்காமலேயே பழைய பெல்ட்டை உங்கள் கையில் கொடுப்பார். புதியதை மாட்டிய பிறகு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கினால் சரி. லூஸாக இருந்தால் வழுக்கும். பயந்துபோய் ரொம்ப இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கே போய்விடும். அதீத பயமும் ஒருவகைத் தேய்மானம்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று சொல்பவர் யார்? அறுந்துபோகும்போது நடுரோட்டில் நிற்கப்போவது யார்? டிராவல்ஸ் முதலாளி வீட்டில் படுத்துக்கொண்டு ‘‘அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்ப்பா’’ என்று சொல்லலாம். ராத்திரி 2 மணிக்கு, லாரிகள் உறுமிக்கொண்டு போகும் பைபாஸ் ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்பவர் டிரைவர். பின் சீட்டில் கைக்குழந்தையோடு யாரோ ஒரு குடும்பம். மிச்சப்படுத்தியது ஒருவர், விலை கொடுப்பது வேறொருவர். சேலஞ்சரிலும் ஏவச் சொல்லி முடிவெடுத்தவர் ஒருவரும் அதற்குள் உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் காரில் நீங்கள் மட்டும் போவதாக இருந்தால், தள்ளிப்போடுவதைத் துணிச்சல் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் உட்காரும் வண்டியில் அது துணிச்சல் இல்லை, அடுத்தவர் பணத்தில் ஆடும் சூதாட்டம்.

நிரூபணம் கிடைக்காது, நன்றி கிடைக்காது, கிண்டல்கூடக் கிடைக்கலாம். அப்படியும் செய்ய வேண்டியதைச் செய்கிறவர்களால்தான் உலகம் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருப்பார். எல்லாரும் படுத்த பிறகு எழுந்து போய், சிலிண்டரை மூடியிருக்கிறோமா, வாசல் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருபவர். ‘‘எத்தனை தடவைதான் பார்ப்பே?’’ என்று இத்தனை வருஷமாக அலுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்று ராத்திரி அதைச் சொல்லாமல் இருந்து பாருங்கள். முடிந்தால், நீங்களே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.