யாருக்கு யார் காவல்?

திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குபேரலிங்கத்தை நெருங்குகிற சமயம். உண்டியலில் போடச் சில்லறை எடுக்கலாமென்று சட்டைப் பைக்குள் கை விட்டேன். மணிபர்ஸைக் காணோம்.

குபேரன் வாசலில் பணத்தைத் தொலைப்பதில் உள்ள வேடிக்கையை இன்று ரசிக்க முடிகிறது. அன்று முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் இளைஞன் வந்துகொண்டிருந்தான். அழுக்கு வேட்டி, வாராத தலை. என் மனத்துக்கு அந்தச் சாட்சியமே போதுமானதாக இருந்தது. "ஏய், நில்லு!" என்று அவன் கையைப் பிடித்தேன்.

அடுத்த அரை நிமிஷத்தில் எங்களைச் சுற்றி இருபது பேர். அதுவரை 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று முழங்கிய குரல்களில் ஒன்று, "விடாதீங்க, நாலு போட்டாத்தான் ஒத்துக்குவான்" என்றது. ஒரு கை ஓங்கியும் விட்டது.

பாதையோரத்தில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"இருங்க சார். பையெல்லாம் நல்லாத் தேடிப் பாத்துட்டீங்களா? அடிச்சப்புறம் கெடைச்சா, அந்த அடியைத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

தேடினேன். தோளில் தொங்கிய துணிப்பைக்குள், மடித்து வைத்த துண்டுக்கு அடியில் மணிபர்ஸ் பத்திரமாக இருந்தது. வைத்தவன் நானேதான்.

இளைஞன் ஒன்றும் சொல்லாமல் கையை உதறிக்கொண்டு நடந்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் எழுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டான். மற்றவர்களும் கலைந்து போனார்கள். எனக்கு மட்டும் மீதிப் பாதை முழுவதும் கால் கனத்தது.

அன்று என் கண்ணெதிரே நடக்காமல் போனது, இதே மாவட்டத்தில் 2018 மே மாதத்தில் நடந்தே விட்டது. போளூருக்கு அருகில் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் உலவுவதாக வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவியிருந்த சமயம். ஜனங்கள் திரண்டார்கள், அடித்தார்கள். மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அடித்தவர்கள் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். என்னைச் சுற்றி நின்றவர்களும் ஒரு குற்றத்தைத் தடுப்பதாகத்தான் நினைத்தார்கள். 'குற்றங்களைத் தடுக்கப் பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்' என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த ஒத்துழைப்பு எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

ஊரே ஊரைக் காப்பது நமக்குப் புதிதல்ல. பாடிகாவல் என்று ஊர்க் காவலுக்கென ஒரு வரியே பழைய கல்வெட்டுகளில் வருகிறது. நம் காலத்தில், 1993-ல் ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' என்னும் அமைப்பு தோன்றி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. காக்கிச் சட்டைக்கும் ஜனங்களுக்கும் நடுவிலிருந்த அச்சம் விலக வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரின் அடிக்கு ஆளாகி இறந்தபோது, அதில் இந்த நண்பர்களுக்கும் பங்குண்டு என்று புகார் எழுந்தது. அந்த ஜூலை மாதமே அரசு அமைப்புக்குத் தடை விதித்தது. பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் பிரஜையின் வேலை. லத்தியின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தன் கையும் லத்திதான் என்று தோன்றிவிடுகிற ஆபத்து இருக்கிறது.

ஆகவே, இடையில் நின்று தடுக்க ஓர் ஆள் வேண்டும். கிரிவலப் பாதையில் எனக்கு அந்த அம்மாள் கிடைத்தாள். ஒரு கிராமத்துக்கு யார்? பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தாம் என்று நான் நினைக்கிறேன். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். அத்திமூர் சம்பவம் அந்த இடைவெளியில் நடந்தது.

தலைவர் ஒருவர் இருந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவரும் கூட்டத்தில் ஒருவராகியிருக்கலாம். ஆனால் மறுநாளும் அதே தெருவில் நடந்து, ஓட்டுப் போட்டவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். வதந்தி வந்த அன்றே ஊரைக் கூட்டி, "சந்தேகம் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நான் பேசுகிறேன். யார் மேலும் கை வைக்காதீர்கள்" என்று சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. அலுவலகக் காகிதத்தால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. தெருவுக்கு விளக்குப் போடுவதும், வெளியூர்க்காரர்கள் படுத்தெழ இடம் செய்வதும் குற்றத்தைத் தடுக்கிற காரியங்களே. ஆனால் அன்றிரவும் விளக்குகள் நன்றாகத்தான் எரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான் நான் அவனுடைய வேட்டி அழுக்கைப் பார்த்தேன்.

அடுத்த பௌர்ணமிக்குப் போனபோது அந்த அம்மாளைத் தேடிப் பிடித்துச் சுக்குக் காப்பி வாங்கிக் குடித்தேன். "அவன் திருடன் இல்லேன்னு அன்னிக்கு உங்களுக்கு எப்படியம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கே சார் தெரியும்?" என்றாள். "எம் பிள்ளையும் பாக்க அப்படித்தான் இருப்பான்."