ஜீர்ணோத்தாரணம்

பழைய பொருள் ஒன்றைப் பழுது பார்த்து மறுபடியும் ஓட வைத்துவிட்டோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோமே, அப்போது உண்மையில் எதை மீட்டிருக்கிறோம்? பொருளையா, அது இருந்த காலத்தையா, அல்லது அந்தக் காலத்தில் இருந்த நம்மையா? கேள்வி கொஞ்சம் வேதாந்தமாகத் தொனிக்கலாம். எனக்குள் இதைக் கிளப்பிவிட்டது என்னவோ ஒரு கலர் டெலிவிஷன் பெட்டிதான்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது புதிய கேள்வி ஆகாது. சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் காலத்தில், அது அழிந்துபோயிற்று. இன்று மாட வீதிகளுக்கு நடுவில் நாம் கும்பிடுகிற கோயில் பிற்பாடு வேறிடத்தில் எழும்பியது. இடமும் அது இல்லை. கல்லும் பெரும்பாலும் அது இல்லை. ஆனாலும் அறுபத்து மூவர் உற்சவத்தன்று கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும் யாரிடமாவது போய், "இது சம்பந்தர் பாடிய கோயில் இல்லையாமே?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். திருப்பணி செய்யும்போது சாந்நித்தியத்தைக் கலசத்திலோ படத்திலோ ஆவாகனம் பண்ணிப் பாலாலயத்தில் வைக்கிறார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்று பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். கல்லை மாற்றலாம், தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்பது நம் பெரியவர்கள் கண்ட வழி.

டெலிவிஷன் பெட்டிக்கு அப்படி ஒரு பாலாலயம் உண்டா?

மந்தைவெளியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1983-ல் அவருடைய தகப்பனார் இருபது அங்குலக் கலர் செட் ஒன்று வாங்கினார். சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி, கறுப்பு வெள்ளையாக. வர்ணம் வந்தது 1982-ல். அந்த வருஷத்துச் சுதந்திர தினமும், நவம்பரில் டில்லியில் ஆரம்பித்த ஆசிய விளையாட்டும் அதற்குச் சாக்கு. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள் அப்போது பிரசித்தம். ஒரு குமாஸ்தாவுக்குக் கலர் செட் என்பது பல மாதச் சம்பளம். நண்பரின் தகப்பனார் வருங்கால வைப்பு நிதியில் கடன் வாங்கித்தான் வாங்கினாராம். பிறகு எல்லார் வீட்டிலும் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. புதுசு வந்தது; பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார்கள். தகப்பனாரும் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் நண்பருக்கு அந்தப் பெட்டி வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதே பெட்டி கிடைக்காது. அதே மாடல் கிடைத்தால் போதும். தியாகராய நகரில், அடுக்குமாடி கட்டுவதற்காக இடிக்கப் போகிற ஒரு வீட்டில் அது இருந்தது. எழுபத்தைந்து வயசு மாமி ஒருத்தி. "ஓடாது. இதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்று கேட்டாள். "ஓட வைப்பேன்" என்றார் இவர். "அப்படின்னா சும்மாவே எடுத்துண்டு போங்கோ" என்றாள். இந்த மாதிரிப் பெட்டிகளை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நண்பரும் சொல்லவில்லை. இது சரியா என்று என்னைக் கேட்டார். விலையை மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாமி கேட்ட விலை ஒன்றே ஒன்று: அது ஓட வேண்டும். அந்தக் கடனை அவர் தீர்க்கிறாரா என்பதுதான் பேச்சு.

தீர்ப்பது லேசாக இல்லை. கடற்காற்று பட்ட ஊரில் நாற்பது வருஷம் இருந்த பெட்டி அது. கண்டென்சர்கள் வற்றிப் போயிருந்தன. சால்டர் பல இடங்களில் விரிசல் விட்டிருந்தது. பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிற இ.எச்.டி. என்னும் உறுப்பு எரிந்தே போயிருந்தது. ரிச்சி தெருவில் தேடிக் கண்டுபிடித்த ஒரு கிழ மெக்கானிக், கண்ணாடியை நெற்றியில் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். டியூபைத் தொடுமுன் ஸ்குரூ டிரைவரால் அதிலிருந்த மின்சாரத்தை இறக்கினார். எத்தனை நாள் அணைந்து கிடந்த பெட்டியானாலும் அப்படிச் செய்யாமல் அவர் கை வைப்பதில்லையாம். பிறகு சொன்னார்: "டியூபு வீக்கு சார். ஷாக் குடுத்தா ஒரு ஆறு மாசம் புதுசு மாதிரி பளிச்சுனு எரியும். அப்புறம் ஒண்ணும் கிடையாது. சும்மா விட்டா மங்கலாவே ரொம்ப நாள் ஓடும். நீங்களே சொல்லுங்க."

எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற சங்கதியை அந்த மனிதர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். டியூபின் கழுத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வர்ணத்துக்கு மூன்று எலெக்ட்ரான் குழாய்கள். வருஷம் ஆக ஆக அவற்றின் சுரப்பு குறைகிறது. அதிக மின்சாரம் பாய்ச்சி மேல்தோலை எரித்துவிட்டால் உள்ளே மிச்சமிருப்பது சிறிது காலத்துக்குப் பிரகாசமாகச் சுரக்கும். ஆனால் செலவாவது கடைசிக் கையிருப்பு. இந்த டியூபுகளைப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் இப்போது அநேகமாக இல்லை. நண்பர் இரண்டு நாள் யோசித்து, மங்கலே போதும் என்றார். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான். நாற்பது வயசுப் பெட்டியை நாற்பது வயசாகவே இருக்க விட்டார்.

அடுத்தபடியாக அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. எரிந்துபோன இ.எச்.டி.க்கு மாற்றுக் கிடைக்கவில்லை. அதே மாடல் இன்னொன்று அடையாறில் ஒரு அடுக்குமாடி வீட்டின் காவல்காரர் அறையில் இருப்பதாகத் தெரியவந்தது. யாரோ குடியிருந்தவர் விட்டுப் போனது. அதில் சிவப்பு வர்ணம் செத்துவிட்டது. மனிதர்கள் எல்லாரும் பாசி பிடித்தவர்கள் மாதிரி தெரிவார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. காவல்காரர் தினந்தோறும் அதில்தான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். "எடுத்துக்கோங்க சார், எனக்கு போன் இருக்கு. ராத்திரிக்கு ஒரு சத்தம் இருந்திச்சு, அவ்வளவுதான்" என்றார் காவல்காரர். நியாயமான பேரம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்: யாருக்கும் பயன்படாமல் செத்துக் கிடந்த பெட்டியைப் பிழைக்க வைக்க, ஒருவருக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைக் கொன்றிருக்கிறோம். இரண்டில் எது பழைய பொருள், எது குப்பை என்று தீர்மானித்தது யார்? அவை ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஒன்றுக்கு நண்பரின் ஞாபகம் சிபாரிசு செய்தது. மற்றதற்குச் சிபாரிசு இல்லை.

ஞாபகத்தின் சிபாரிசு யாருக்குக் கிடைக்கிறது என்பதை யோசித்தால் விஷயம் இன்னும் கசக்கிறது. நண்பர் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா, தெருவே கூடத்தில் கூடும், வாசற்கதவு சாத்தப்படாது. 1984-ல் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை ஐம்பது பேர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, பேச்சில்லாமல் பார்த்தார்களாம். அத்தனையும் சத்தியம். ஆனால் அந்தக் கூடத்தில் நாற்காலி யாருக்கு, ஜமக்காளம் யாருக்கு, நிலைப்படிக்கு வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர் யார் என்பதும் சத்தியந்தானே? அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் படம் முடியுமுன் எழுந்து போய்க் காபி டம்ளர்களைக் கழுவ வேண்டும். கிளைமாக்ஸ் அவளுக்கு மறுநாள் யாராவது சொன்னால் உண்டு.

2006-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குப் பதினாலு அங்குலக் கலர் டெலிவிஷனை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் ஆட்சி மாறும் வரை கொடுத்தார்கள். நம்மில் பலர் அதைக் கேலி செய்தோம். ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்றோம்; அந்த வாதத்தில் பசை இல்லாமலும் இல்லை. ஆனால் பாத்திரம் தேய்த்தவளின் பார்வையில் அது என்ன? இனிமேல் யார் வீட்டு ஜன்னலிலும் நிற்க வேண்டாம், படம் முடிகிற வரை உட்காரலாம் என்பதுதான். அந்தப் பதினாலு அங்குலப் பெட்டிகளுக்கும் இப்போது இருபது வயசு நெருங்குகிறது. பழைய சாமான்காரன் கிலோக் கணக்கில் எடுக்கிறான். ஈயம் கலந்த அதன் கண்ணாடி எங்கேயோ ஒரு குப்பைமேட்டில் நொறுங்குகிறது. அவற்றில் ஒன்றையாவது யாராவது இவ்வளவு சிரத்தையாக ஜீர்ணோத்தாரணம் பண்ணுவார்களா? பண்ணினால் அதைப் பார்க்க நான் அடுத்த பஸ்ஸில் போவேன்.

நண்பரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தகப்பனாரைத் தேடுகிற மகனை யார் குறை சொல்வது? கபாலீச்சரம் இடம் பெயர்ந்தும் கபாலீச்சரமாக இருப்பதற்குக் காரணம், இடையில் ஜனங்கள் வருவதை நிறுத்தவில்லை. பெட்டிக்கு இப்போது வேண்டியது மூலவர் இல்லை, உற்சவக் கூட்டம். அதை எந்த மெக்கானிக்கும் ரிச்சி தெருவில் வாங்கித் தர முடியாது. இதை நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் இதை எங்கே வைக்கலாம் என்கிறீர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது; அவருக்குப் பிடிக்காத பதில்.

பெட்டி ஓடுகிறது. பழைய வானலை ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் 2022-க்குள் அநேகமாக எல்லா இடங்களிலும் நிறுத்திவிட்டபடியால், இந்தக் காலத்துச் செட்-டாப் பாக்ஸுக்கும் பெட்டியின் ஆன்டெனா முனைக்கும் நடுவில் மெக்கானிக் ஒரு சின்ன டப்பாவைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். டெலிவிஷன் பெட்டிக்கு உள்ளே கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது என்றும், ஒவ்வொரு வரியின் வர்ணத்தையும் 64 மைக்ரோ செகண்டு பிடித்து வைத்து, அடுத்த வரியோடு சேர்த்துப் பார்த்துப் பிசகைத் திருத்துகிறது என்றும் அவர் சொன்னார். ஜெர்மனியில் 1960-களில் கண்ட ஏற்பாடாம். பகலில் படம் தெரியாது. இருட்டிய பிறகு விளக்கை அணைத்தால் நன்றாகவே தெரிகிறது. தியாகராய நகர் மாமி இப்போது பெங்களூரில் மகளோடு இருக்கிறாள். பெட்டி ஓடுவதை நண்பர் போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். அடையாற்றுப் பெட்டியின் வெறுங்கூடு அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. சமையல் செய்கிற பெண் அதில் வெங்காயம் வைத்திருக்கிறாள்.