பழங்குழாயும் பகுத்தறிவும்

பழைய ஒலிபெருக்கிகளின்மீது இளைஞர் சிலருக்கு இன்று ஒரு காதல் பிறந்திருக்கிறது. மணவீட்டுப் பந்தலிலும் மாநாட்டு மேடையிலும் ஒரு காலத்தே முழங்கி ஓய்ந்த கூம்புக் குழாய்கள், மூடப்பட்ட திரையரங்குகளில் வெண்திரைக்குப் பின்னே கிடந்த பெரும் பெட்டிகள், வால்வு பொருத்திய ஆம்ப்ளிபயர்கள் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்கின்றனர். தூசு தட்டித் துருவை நீக்கி, வீட்டுக் கூடத்திலே நிறுத்தி, இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்டுக் களிக்கின்றனர். சென்னைச் செல்வர் மாளிகையில் மட்டும் நடப்பதன்று இது. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் முன்னாளில் மைக்செட் வாடகைக்கு விட்டவர் வீட்டுப் பரணிலிருந்தும் குழாய்கள் இறங்கி வருகின்றன.

"ஏன்?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த இயக்கத்தார் நாம். நம் வரிசையில் நிற்கும் இளைஞன் பழம்பொருளின் முன்னே கைகட்டி நிற்பதா, இது தகுமா என்று சினந்து கேட்கும் தோழர்களும் உளர். தகும் என்போம் நாம். ஆயின் அதற்கு முன் ஒரு கேள்விக்கு அவன் விடை சொல்லியாகவேண்டும். தம்பி, நீ விரும்புவது அந்தப் பெட்டியின் ஒலியையா, வயதையா?

ஒலியை என்றால், அதற்குக் காரணம் உண்டு. காரணத்தைச் சொல்லவும் முடியும். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், சான்பிரான்சிசுகோ நகரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் கூம்பு வைத்த கருவியால் பெருங்கூட்டத்துக்குப் பேச்சும் இசையும் கேட்கச் செய்தனர். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற ஆய்வாளர்கள் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தனர். இன்று நம் வீடுகளில் பாடும் பெட்டிகளிற் பெரும்பாலானவை அந்தக் கால்வழியில் வந்தவையே. அந்நாளில் மின் ஆற்றல் அரிது. 1938இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட 300பி என்னும் புகழ்பெற்ற வால்வு, ஒன்றாக நின்று தருவது ஏறத்தாழ 8 வாட்டுதான். எட்டு வாட்டைக் கொண்டு அரங்கம் முழுவதையும் நிரப்புவதெப்படி? கூம்பினால்! சிறு அசைவைக் காற்றோடு பொருத்திக் கொடுப்பது கூம்பின் வேலை. உள்ளங்கையைக் குவித்து வாயில் வைத்து வயலுக்கு அப்பால் இருப்பவனைக் கூவி அழைக்கும் உழவன் இந்த அறிவியலை எந்தப் பள்ளியிலும் படித்தவனல்லன்.

ஆல்டெக் லான்சிங் நிறுவனம் 1945இல் திரையரங்குக்கெனச் செய்த பெட்டிகளும், பால் கிளிப்ஷ் 1946இல் வீட்டு மூலைக்கெனச் செய்த கூம்பும் இந்தத் தேவையில் பிறந்தவை. குறைந்த ஆற்றலில் நிறைந்த ஒலி. மெல்லியதும் வல்லியதும் தெளிந்து வரும் வீச்சு. இதைக் கேட்டு ஒருவன் மயங்கினால் அது மூடநம்பிக்கையன்று. 1954இல் எட்கர் வில்ச்சூர், மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, அலமாரி அளவிலேயே ஆழ்ந்த அடியொலியைக் கொண்டுவந்தார். அதற்கு விலையாக அந்தப் பெட்டி வாட்டுகளை விழுங்கிற்று. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது, வாட்டு மலிந்தது, கூம்பு வீட்டைவிட்டு வெளியேறியது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றார்கள் என்பதுதான் கதை.

வயதை விரும்புகிறவன் பேச்சோ வேறுவிதம். "அந்தக் காலத்துக் காந்தமே தனி" என்பான். அல்னிகோ என்னும் அந்தக் காந்தக் கலவைக்கு 1931இல் ஜப்பானில் மிஷிமா வழிகாட்டினார். அதிலே கோபால்ட்டு உண்டு. 1978இல் ஜயர் நாட்டில் மூண்ட போரால் கோபால்ட்டின் விலை ஏறிற்று. ஒலிபெருக்கி செய்வோர் மலிவான பெரைட்டுக்கு மாறினர். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சித்தர் ஒருவர் சீடனுக்குச் சொல்லாமல் கொண்டுபோன மருந்தைப்போல இதைப் பேசுவானேன்?

நம்மூர்க் கூம்புக் குழாயின் உண்மையையும் சொல்லிவிடுவோம். பேச்சுக்கென்று பிறந்தது அது. மனிதக் குரலில் சொல்லைச் சொல்லாக்கும் வல்லினமும் மெல்லினமும் எந்த அலைவெண்களில் இருக்கின்றனவோ, அவற்றைத் தூக்கிக் கொடுக்கும், அடியொலியைக் கைவிட்டுவிடும். எனவேதான் நாயனம் மூன்று வயல் தாண்டி வந்து காதைத் துளைக்கும். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கமோ பந்தற்காலைத் தாண்டாது. இசைக்கு இது குறை. சொற்பொழிவுக்கு இதுவே நிறை.

நேர்மையாகக் கேட்டுச் சொல்கிறோம் என்று நினைக்கும்போதே கண் குறுக்கிடுகிறது என்பதையும் ஆய்ந்து காட்டியிருக்கின்றனர். பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரே மக்கள் ஒரே ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒருவகையாகவும், திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது வேறுவகையாகவும் மதிப்பெண் இட்டனர். பெரிய உருவமும் பெயரும் கண்ணில் பட்டதும் மதிப்பு ஏறிற்று. சிறியதும் மலிவானதும் தெரிந்ததும் இறங்கிற்று. 2010இல் இந்தியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைத்து, ஸ்டிராடிவாரி முதலான முந்நூறாண்டுப் பழங்கருவிகளையும் புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தனர். 2012இல் அதன் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலோர் விரும்பி எடுத்தது புதியதை! யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நம்பியதைத்தான் அவரவர் கேட்டனர்.

இந்தக் கண்கட்டுச் சோதனை ஒலிபெருக்கிக்கு மட்டுமா வேண்டும்? உத்திரமேரூர் என்ற பெயரை எழுதிவிட்டு, அந்த ஊரின் கல்வெட்டைச் சொல்லாமல் போகமுடியுமா? முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. "உலகுக்கே மக்களாட்சியைக் கற்பித்தோம்!" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். பழைய பெட்டியைக் கண்டதும் காதை மறப்பவனும், பழைய கல்லைக் கண்டதும் அதில் எழுதியிருப்பதைப் படிக்க மறப்பவனும் உடன்பிறந்தார்.

படித்துப் பார்த்தால் பாராட்டவும் பொருள் இருக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் உறவினர்க்கும் இல்லை. இந்த ஒரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகும்! ஆயின் அதே கல், குடத்தில் ஓலை இடப்படுவதற்கு உரியவர் யார் என்றும் சொல்கிறது. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல், 70க்குள் இருக்கவேண்டும், வேதம் அறிந்திருக்கவேண்டும். வேதக் கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால்வேலியே போதுமாம். நிலக் குறைவை வேதம் நிரப்பும்! அவ்வூர் சதுர்வேதிமங்கலம் என்பதை நினைவிற் கொண்டால் வியப்பில்லை. அந்த நிலத்தை உழுதவன் ஓலை குடத்தில் விழவில்லை. பெண்ணின் ஓலை விழவில்லை. சேரியின் ஓலை விழவில்லை. நல்ல விதியை நல்லதென்போம், அடைத்த கதவை அடைத்ததென்போம். பழமை என்பதற்காக இரண்டையும் சேர்த்துக் கும்பிடச் சொன்னால் மறுப்போம்.

கூம்புக் குழாயின் வரலாற்றையும் அவ்வாறே படிக்கவேண்டும். பம்பாயில் வளர்ந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் கருவிகள் காங்கிரசு மாநாடுகளில் ஒலித்தன. டில்லியில் 1940இல் தொடங்கிய அகுஜாவின் பெயர் பின்னாளில் தமிழகத்துச் சிற்றூர் மைக்செட்டுகளிலெல்லாம் பதிந்தது. குழாய் வந்தபின், கூட்டத்தை எட்ட நின்று கேட்பவனுக்கும் பேச்சு முழுமையாக எட்டிற்று. இந்த வட்டாரம் முன்பு அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில்தான், 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. சாதிப் பட்டங்களைத் துறக்கவும் பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கவும் தீர்மானித்தது. அத்தகைய கருத்துகளைப் பிற்காலத்தில் குழாய் எடுத்துச் சென்றபோது, ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த வெளியை ஒலி தாண்டிற்று. கால்வேலி நிலம் உண்டா என்று அது யார் காதையும் கேட்கவில்லை.

ஆனால் கேட்கும் உரிமை பேசும் உரிமை ஆகிவிடாது. குழாய் எல்லோர் பக்கமும் திரும்பியிருந்தது. மைக்கோ சிலர் கையில் இருந்தது. விடியுமுன் கோயில் கோபுரத்திலிருந்து அலறித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை வதைத்ததும் அதே குழாய்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கவேண்டி வந்ததே! கருவிக்குக் கொள்கை கிடையாது. "எங்கள் தாத்தா பேசிய கூட்டத்தில் கட்டிய குழாய் இது" என்று ஒருவன் கூடத்தில் வைத்திருந்தால் அதை மதிப்போம். நினைவுக்குத் தரும் மதிப்பு அது. நினைவின் இனிமையை ஒலியின் இனிமை என்று விற்காதவரை நமக்கு வழக்கில்லை.

"சுவைக்கும் சோதனையா? எனக்குப் பிடிக்கிறது, உமக்கென்ன?" என்று நண்பர் கேட்பார். எனக்குப் பிடிக்கிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால் நமக்கு ஒன்றுமில்லை, நிறைவோடு கேட்கட்டும். "இதற்கு இணையான ஒலி இனி உலகில் பிறக்காது" என்று அடுத்த வார்த்தை வரும்போது, அது சுவை அன்று; உலகைப் பற்றிய கூற்று. சான்று கேட்போம். அந்தச் சொல்லை நம்பி, தறியில் அமர்ந்தோ பட்டறையில் நின்றோ சம்பாதிக்கும் இளைஞன் நான்கு மாதக் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறானே, அவன் சார்பில் கேட்போம். சோதிடனிடம் கேட்ட கேள்வியைச் சொந்தத் தோழனிடம் கேட்கத் தயங்குவது என்ன நியாயம்?

சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. உள்ளே இருப்பது யார் பெயர் என்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டே குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் செய்தார்கள். நாமும் ஒரு குடத்தில் இருபது சீட்டு இடுவோம். பத்தில் பழைய பெட்டி, பத்தில் புதிய பெட்டி. முன்னே மெல்லிய துணி ஒன்றைத் தொங்கவிடுவோம். இரண்டின் ஒலியளவையும் கருவி கொண்டு சமன் செய்தாகவேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும் என்பதை வணிகர் நெடுநாளாக அறிவர். பிள்ளை எடுத்த சீட்டின்படி ஒருவர் பெட்டியை மாற்ற, கேட்பவர் பத்துக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டே வரட்டும். கூம்பின் குரலை உரிமையாளர் காது திரையையும் மீறி அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே அவர் மதிப்பெண் மட்டும் போதாது. எந்தப் பெட்டி என்ன விலை என்று அறியாதவர்களை, முதலில் அந்த வீட்டுப் பெண்களை, அழைத்து உட்காரவைக்கவேண்டும். பழைய குடத்தில் அவர்கள் பெயர் இல்லை; புதிய குடத்தில் தீர்ப்பே அவர்களுடையதாகட்டும். ஒரு தட்டு நாயனம், ஒரு தட்டு வாய்ப்பாட்டு, ஒரு சொற்பொழிவு என்று மூன்றையும் வைத்துக்கொண்டால் மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துக் கூட்டிப் பார்த்துவிடலாம். பக்கத்து வீட்டாரும் தூங்கவேண்டும் அல்லவா!