'நீ டாக்டரா?'

பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ஊசி போட வந்தார்கள். 'இப்பத்தான ஒண்ணு போட்டாங்க' என்று முனகினாள். 'நீ டாக்டரா?' என்றது குரல். அம்மா பேசாமல் கையை நீட்டினாள். எதிர்த்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஊர்த்தெருவில் அறுபது வருஷம் படித்தவள் அவள்.

தவறு யாருக்கும் நேரும். கண்டவர் வாய்திறக்க முடியாததுதான் அநியாயம்.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை கண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தன் நிலையறிந்த கொடையாளி இளைஞர் தானே வந்து சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதமே அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். நடவடிக்கை ஆய்வக ஊழியர்கள்மேல் பாய்ந்தது. உண்மை சொன்னவரைத் தாங்கிப்பிடிக்க யாருமில்லை. இதைப் பார்க்கிற அடுத்த ஆள் சொல்வானா, மறைப்பானா?

ஆயா நர்ஸைக் கேட்கக் கூடாது, நர்ஸ் டாக்டரைக் கேட்கக் கூடாது, நம்ம சனம் யாரையுமே கேட்கக் கூடாது. சாதி சொல்லித்தந்த இந்தப் படிக்கட்டு வார்டுக்குள்ளும் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த அறுவைச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் அறையிலுள்ள எல்லோரையும் தம் பேரும் வேலையும் சொல்லச் சொல்கிறது. பேர் சொன்ன வாய் தப்பையும் சொல்லும்.

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். டாக்டராக விடாமல் நாம் பறிகொடுத்த அனிதாவின் பெயர் அதன் அரங்கத்துக்கு. அங்கே படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கப் பழகட்டும்: 'ஏம்மா, ஊசி வேணாங்கற?'