பிரசங்கம் என்று சொல்லாதே

1761 பிப்ரவரி. இங்கிலாந்தின் டெர்பி நகரில் சாரா கிராஸ்பி நடத்திய மெத்தடிஸ்ட் வகுப்புக் கூட்டத்துக்கு எதிர்பார்த்தது சுமார் 30 பேர். வந்தது ஏறக்குறைய 200. ஒவ்வொருவராக ஆத்தும நலம் விசாரிக்க இயலாது. பாட்டுச் சொல்லி, ஜெபித்து, கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று பேசிவிட்டார். இது சரியா என்று ஜான் வெஸ்லியிடம் கேட்டார்.

வெஸ்லி தடுக்கவில்லை. 'மெத்தடிஸ்டுகளிடம் பெண் பிரசங்கிகள் இல்லை, நானும் பிரசங்கி அல்ல' என்று முதலில் சொல்லிவிட்டு மனதிலுள்ளதைப் பேசு என்றார். கிருபை எல்லோருக்கும் என்று நம்பிய சபை அது. பேச்சு அவளுக்கு, பேச்சின் பெயர் ஆண்களுக்கு. 1777இல் ஏறத்தாழ பதினொரு மாதத்தில் அவர் 960 மைல் குதிரையில் போய் 220 பொதுக்கூட்டங்கள் நடத்தினார். நாட்குறிப்பிலும் 'கூட்டம்' என்றுதான் எழுதினார்.

பெயரை விட்டுக்கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்வது தவறா? அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கருத்தரங்க அழைப்பிதழ்களில் ஆண்களுடையது 'சிறப்புரை', என்னுடையது 'கருத்துப் பகிர்வு'. நானும் போய்ப் பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

ஆனால் சலுகை, தந்தவரின் ஆயுள் வரைதான். 1771இல் மேரி போசன்கெட்டுக்கு 'அசாதாரண அழைப்பு' உண்டென்று ஒப்புக்கொண்ட வெஸ்லி 1791இல் இறந்தார். 1803 மாநாடு, அப்படி அழைப்புள்ள பெண்ணும் பெண்களுக்கு மட்டுமே பிரசங்கிக்கலாம் என்றது. இல்லாத பெயரைப் பறிக்க வேண்டிய சிரமம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை. பிரிட்டிஷ் மெத்தடிஸ்ட் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1974இல்.

கிராஸ்பி 1804இல் இறந்தார். என் மேசையில் அடுத்த அழைப்பிதழின் மெய்ப்பு திருத்தக் காத்திருக்கிறது.